வண்டிக்கு ஏது குலம்?

பழைய கார் கண்காட்சி எந்த ஊரில் நடந்தாலும் இந்தக் கதை காதில் விழாமல் இருக்காது. அல்வார் மகாராஜா ஜெய்சிங் லண்டனுக்குப் போனாராம். சாதாரண உடையில் ரோல்ஸ் ராய்ஸ் ஷோரூமுக்குள் நுழைந்தாராம். அங்கிருந்த விற்பனையாளன் மதிக்காமல் வெளியே அனுப்பிவிட்டானாம். மறுநாள் பரிவாரத்தோடு வந்த ராஜா, கடையில் நின்ற அத்தனை கார்களையும் ரொக்கம் கொடுத்து வாங்கி, கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பி, நகராட்சியைக் கூப்பிட்டுக் குப்பை அள்ளச் சொன்னாராம். கம்பெனியின் மானம் போய், மன்னிப்புக் கேட்டு ஓடிவந்தார்களாம். வெள்ளைக்காரனுக்கு நம்ம ராஜா கொடுத்த சூடு என்று கேட்கிறவர்கள் பூரித்துப்போகிறார்கள்.

இந்தக் கதைக்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஒருவர் அல்வார் என்கிறார், இன்னொருவர் பரத்பூர் என்கிறார், மூன்றாமவர் பாட்டியாலா என்கிறார், ஐதராபாத் நிஜாம் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. ராஜாக்கள் மாறிக்கொண்டே இருக்க, கடையும் அவமானமும் குப்பையும் மட்டும் அப்படியே இருக்கின்றன. ஆதாரம் என்று ஒரு புகைப்படம் காட்டுவார்கள். முன்சக்கரங்களுக்கு எதிரே துடைப்பம் கட்டிய கார். சாலையில் கிடக்கும் ஆணியும் கூர்ங்கல்லும் டயரைக் கிழிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் அப்படிக் கட்டிக்கொண்டார்கள். தெருக் கூட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கதை பொய் என்பதோடு விட்டுவிடலாம் என்றால் மனம் ஒப்பவில்லை. அந்தக் கதை எதை நம்பி நிற்கிறது என்று பாருங்கள். குப்பை அள்ளினால் ஒரு காருக்கு ஏன் அவமானம்? இரும்புக்கும் ரப்பருக்கும் தோலுக்கும் மானம் எங்கிருந்து வந்தது? குப்பையைத் தொடும் வேலை இழிவு, அதைச் செய்வது எதுவாக இருந்தாலும் இழிவாகிவிடும் என்ற நம்பிக்கை நம் மூளையில் ஏற்கனவே இருப்பதால்தான் இந்தக் கதை நமக்குப் புரிகிறது. அதனால்தான் சிரிக்கிறோம், கைதட்டுகிறோம். குப்பை அள்ளுவதற்குக் கார் கூசவேண்டும் என்று சொல்கிற வாய், விடியற்காலையில் அதே வேலையைச் செய்ய நம் தெருவுக்கு வருகிற பெண்ணைப் பற்றி என்ன சொல்கிறது? உலோகத்துக்கே தீட்டு ஒட்டும் என்றால் அவருக்கு? இதை ஒருமுறை யோசித்துப் பார்த்தவர் அந்தக் கதையை மறுபடி சொல்லமாட்டார்.

அல்வார் ராஜா ஜெய்சிங்கைப் பற்றி ஆதாரத்தோடு சொல்லக்கூடிய செய்தி வேறு இருக்கிறது. 1925 மே மாதம், அல்வார் சமஸ்தானத்தில் நீமுசானா என்ற ஊரில், ஏற்றப்பட்ட நிலவரியை எதிர்த்துக் கூடிய விவசாயிகள் மீது அவருடைய படை சுட்டது. 1932இல் மேவ் விவசாயிகள் வரிக்கொடுமை தாங்காமல் கிளர்ந்தார்கள். அடுத்த ஆண்டு வெள்ளை அரசாங்கமே அவரை சமஸ்தானத்தைவிட்டு வெளியேற்றியது. 1937இல் பாரிஸில் இறந்தார். சமஸ்தானங்களின் கார் கொட்டகைகளை நிரப்பிய பணம் யார் வயலிலிருந்து வந்தது என்பதை எந்தக் கண்காட்சி அட்டையும் சொல்வதில்லை.

பழைய காரை வெறுத்து இதை எழுதவில்லை. அதை நேசிக்கிறவன் என்பதால் எழுதுகிறேன். இன்றைக்கு மாதச் சம்பளக்காரர்களான இருபத்தைந்து வயதுப் பையன்களும் பெண்களும், ஓர் ஐம்பது வயதுக் காரை வாங்கித் தங்கள் கையால் ஓடவைக்கவேண்டும் என்று ஆசைப்படுவதைப் பார்க்கிறேன். மிக நல்ல ஆசை. வீட்டில் பெரியவர்கள் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். நான் வாங்கு என்கிறேன். ஆனால் வாங்கும்போது அந்தக் காரோடு சேர்த்து அதன் குலப்பெருமையையும் விலைகொடுத்து வாங்காதே என்கிறேன்.

சந்தையில் அந்தப் பெருமைக்குத்தான் முதல் விலை. "ஜமீன் வீட்டு வண்டி" என்றால் ஒரு விலை. "நடிகர் ஓட்டிய வண்டி" என்றால் இன்னும் மேலே. "டாக்டர் வண்டி சார், கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்பது தரகர்களின் நிரந்தர வசனம். எந்த வீட்டில் பிறந்தது, யார் வாசலில் நின்றது என்பதை வைத்து ஒரு பொருளின் தரத்தை முடிவு செய்வதை மனிதர்கள் விஷயத்தில் நாம் என்னவென்று அழைக்கிறோம்? 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் போடாதே என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அதை ஏற்று வெட்டி எறிந்தோம். நூறு ஆண்டு நெருங்குகிற வேளையில் ஒரு தகர டப்பாவுக்குப் பின்னால் போய்ப் பட்டம் தேடுவது நமக்கு அழகா?

முந்தைய சொந்தக்காரர் யார் என்பது வண்டியைப் பற்றி ஏதாவது சொல்லாதா என்று கேட்கலாம். சொல்லும், கையில் காகிதம் இருந்தால். எந்த ஆண்டில் இன்ஜின் இறக்கினார்கள், எப்போது கிளட்ச் மாற்றினார்கள் என்ற ரசீதுகளை ஒரு குமாஸ்தா அடுக்கி வைத்திருந்தால், அந்த வண்டி ரசீது இல்லாத ராஜா வண்டியைவிட நூறு மடங்கு மேல். அருங்காட்சியகம் ஒரு பிரபலத்தின் காரை வரலாற்றுச் சான்றாக வைக்கட்டும். அது அவர்கள் வேலை. ஓட்டுவதற்காக வாங்குகிற இளைஞன் சான்றுக்குப் பணம் கொடுக்கலாம், புகழுக்குக் கொடுக்கக்கூடாது.

பார்க்கப் போகும்போது நல்ல நாள் பார்த்துப் போகிறார்கள். ராசி எண் கூட்டிப் பார்க்கிறார்கள். பஞ்சாங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு, துணியில் சுற்றிய ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துப்போங்கள். மட்கார்டிலும் கதவின் கீழ் ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். தகடு இருக்கும் இடத்தில் பிடிக்கும். துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி வைத்துப் பூசி மறைத்த இடத்தில் பிடிக்காமல் வழுக்கும். உள்ளே மிதியடியைத் தூக்கித் தரையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றால் வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கள்: சேஸிஸிலிருந்து இரண்டு பக்கமும் நீளும் தாங்கிகளில்தான் துரு குடியிருக்கும். சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஆர்.சி.யில் இருக்கும் சொந்தக்காரர் இறந்து போயிருந்தால் வாரிசுகளின் கையெழுத்து வேண்டும். காகிதம் இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் காயலான் கடை இரும்புதான், தொடவேண்டாம்.

ஹெரால்டைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1948இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ், வண்டலூர் அருகே தன் தொழிற்சாலையில் 1961 முதல் பத்தாண்டு போல அந்தக் காரைச் செய்தது. வடிவமைத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 948 சி.சி. இன்ஜின். ராஜா யாரும் அதைத் தேடி வாங்கியதாகத் தெரியவில்லை. இன்றைக்கும் ஓட்டமில்லாமல் கொட்டகையில் நிற்கும் ஹெரால்டைப் புதிய மோட்டார் பைக் ஒன்றின் விலைக்குப் பேசி முடிக்கலாம். குர்லாவில் செய்த ஃபியட், பத்மினி வண்டிகளும், உத்தர்பாராவில் 2014 வரை செய்த அம்பாசடரும் அதுபோலத்தான். அவற்றுக்கு உதிரி பாகம் கிடைப்பது இன்னும் சுலபம். ஆனால் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவருக்கு நான் ஹெரால்டைத்தான் காட்டுவேன். அதன் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்த்து ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு இன்ஜினில் வேலை பார்க்கலாம். ஒளித்து வைக்க அதில் எதுவுமில்லை.

ஒருநாள் காலையில் அது கிளம்பாது. செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. நேற்றுவரை நன்றாக ஓடியதே, பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டுப் போனாரே, கண் பட்டுவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். எலுமிச்சம்பழம் வரும், பூசணிக்காய் வரும். நீங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பைத் தட்டிவிட்டுத் திறவுங்கள். ரோட்டரைக் கழற்றுங்கள். அடியில் நகக்கண் அளவில் இரண்டு முனைகள் சந்திக்கும் இடம்தான் பாயிண்ட். அவை கருகி, புள்ளி விழுந்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டர் அளவுக்கு வையுங்கள். கேஜ் இல்லாத மெக்கானிக்குகள் ஒரு விசிட்டிங் கார்டை மடிக்காமல் செருகிப் பார்ப்பார்கள். ஏறக்குறைய சரியாக வரும். மூடியைப் போட்டுச் சாவியைத் திருப்பினால் வண்டி எழுந்துவிடும். கண் பட்டது உண்மையென்றால் உப்புத்தாளுக்கு அது எப்படிக் கட்டுப்பட்டது? பாயிண்ட் மீண்டும் மீண்டும் கருகினால் கண்டன்சர் போய்விட்டது என்று பொருள். ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு காரணம் உண்டு, அந்தக் காரணத்தைக் கையால் தொட்டுப் பார்க்க முடியும் என்று ஒரு மனிதனுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. இதைக் கற்ற பிறகும் ஆயுத பூஜையன்று நடுரோட்டில் பூசணிக்காய் உடைத்து, பின்னால் வருகிற இருசக்கர வண்டிக்காரனை வழுக்கி விழச் செய்கிறவர், தன் காரிடமிருந்து எதையும் கற்கவில்லை.

காதல் இருக்கலாம், கண்மூடித்தனம் கூடாது. "அந்தக் காலத்து வண்டி, கெட்டித் தகடு, இடிச்சா எதிராளிதான் நசுங்குவான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். 2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் இதைச் சோதித்தே காட்டியது. 1959ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏர் காரையும் 2009ஆம் ஆண்டு செவர்லே மாலிபு காரையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முகப்பின் ஒரு பாதி மோதும்படி நேருக்கு நேர் விட்டார்கள். புதிய காரில் இருந்த பொம்மைக்குக் காலில் சிறு காயம் படும் அளவு அடி. பழைய காரின் உள்ளறை அப்படியே நொறுங்கியது. அதில் மனிதன் இருந்திருந்தால் பிழைத்திருக்கமாட்டான். மோதலின் விசையைத் தகடு மடிந்து வாங்கிக்கொள்ளாவிட்டால், அதை நெஞ்சு வாங்கிக்கொள்ள வேண்டும். ஹெரால்டுக்கும் ஒரு குணம் உண்டு: வேகமாக வளைவில் போகும்போது பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்சக்கரம் உள்ளுக்கு மடங்கி, வால்பக்கம் வீசிவிடும். தன் காரின் குறையைத் தெரிந்து ஓட்டுகிறவனே அதை நேசிக்கிறவன்.

இதனால்தான் "ஒரிஜினல்" என்ற மடி ஆசாரம் எனக்குப் பிடிக்கவில்லை. சீட் பெல்ட் மாட்டினால் வண்டியின் தூய்மை கெட்டுவிடும் என்கிறவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். மூன்று முனை சீட் பெல்ட்டை 1959இல் வோல்வோ கம்பெனியில் நில்ஸ் போலின் என்ற பொறியாளர் உருவாக்கினார். அதன் காப்புரிமையை அந்தக் கம்பெனி எல்லோருக்கும் திறந்துவிட்டது. உயிர்காக்கும் பொருளுக்கு உரிமைக் காசு கேட்கவில்லை. அப்படிக் கிடைத்த ஒன்றைத் தீட்டு என்று தள்ளிவைப்பது அறிவுடைமை ஆகாது. தரையில் சரியான இடம் பார்த்து, கனத்த தகடு வைத்து வெல்டிங் செய்து, பெல்ட் மாட்டுங்கள். பெட்ரோல் குழாய்கள் அத்தனையையும் முதல் வேலையாக மாற்றுங்கள். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து விரிசல் விடச் செய்யும், கீழே சூடான சைலன்சர் இருக்கிறது. பிரேக் டிரம்மைத் திறக்கும்போது தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடையுங்கள்.

புகையைப் பற்றியும் மறைக்காமல் பேசவேண்டும். இந்தக் கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் கருவி எதுவும் கிடையாது. ஒரு கிலோமீட்டருக்குப் புதிய காரைவிட அதிக நஞ்சைத்தான் கக்கும். அந்தக் காலக் காற்று சுத்தம் என்று பெருமூச்சு விடுவதும் பொய். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு வரை பெட்ரோலில் ஈயம் கலந்து விற்றார்கள், அது சாலையோரக் குழந்தைகளின் மூளைக்குள் போனது. ஆகவே பழைய காரைத் தினமும் அலுவலகத்துக்கு ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை. மாதத்தில் ஓரிரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டினால் போதும். மீதி நாள் பேருந்தில் போகலாம்.

சட்டமும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. 2021இல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிகள், பதிவாகி ஐம்பது ஆண்டு தாண்டி, அசல் வடிவம் மாறாத வண்டியைப் பழம்பெரும் வாகனம் என்று தனியாகப் பதிவு செய்ய வழிவிட்டன. நம்பரில் "வி.ஏ." என்ற எழுத்து வரும். கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல், பராமரிப்பு என்று குறிப்பிட்ட காரியங்களுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்கு. இங்கேதான் எனக்கு வழக்கு இருக்கிறது. பல கோடி பெறும் ரோல்ஸ் ராய்ஸுக்கும் 20,000, மோட்டார் பைக் விலைக்கு வாங்கிய ஹெரால்டுக்கும் 20,000. சாதாரணப் பதிவாகவே புதுப்பித்துக்கொள்ளலாம் என்றால், 2025 ஆகஸ்டில் இருபது ஆண்டு தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தையும் 10,000 ஆக்கிவிட்டார்கள். அரண்மனைக் கொட்டகைக்கு இது சில்லறை. ஒரு டிப்ளமோ பையனுக்கு ஒரு மாதச் சம்பளம். பழைய இயந்திரங்களைக் காப்பாற்றும் உரிமையைப் பணக்காரர்களின் பொழுதுபோக்காக மட்டும் ஆக்குகிற கட்டணம் நியாயமான கட்டணம் இல்லை. வண்டியின் மதிப்பை வைத்து விகிதமாக வாங்கட்டும்.

ஏனென்றால் நம் ஊரில் இயந்திர அறிவு வளர்ந்ததே, கையில் கிடைத்த இயந்திரத்தைச் சாதாரண மனிதர்கள் கழற்றிப் பூட்டிப் பார்த்துத்தான். கோவை ஜி.டி. நாயுடு இளைஞராக இருந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் ஊரைச் சுற்றவில்லை, துரை வண்டி என்று மாலை போட்டு நிறுத்தவுமில்லை. பாகம் பாகமாகக் கழற்றிப் போட்டு மறுபடி பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒற்றைப் பேருந்து விட்டவரும், 1937இல் இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்ய வைத்தவரும் அந்தக் கழற்றலிலிருந்து கிளம்பியவர்தான்.

கடைசியாக ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும். பட்டறையில் டிங்கர் வேலை செய்பவர். அவர் வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நசுங்கிய மட்கார்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு மெல்ல இழுக்கிறார். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கைக்குத் தெரிகிறது. உட்புறம் இரும்புக் கட்டையை அணைத்துப் பிடித்து, வெளியிலிருந்து சுத்தியலால் ஓங்காமல் தட்டித் தட்டி வருகிறார். அரத்தை ஒருமுறை ஓட்டுகிறார். மேடான இடம் பளபளக்கிறது, பள்ளம் கறுப்பாகவே நிற்கிறது. கறுப்பு இருக்கும் இடத்தில் மறுபடி தட்டுகிறார். துருப்பிடித்துப்போன பகுதியை வெட்டி, பழைய வளைவை நினைவிலிருந்து தகட்டில் கொண்டுவந்து, கேஸ் வெல்டிங்கில் ஒட்டுகிறார். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பலர் பள்ளிக்கூடத்தை முடிக்காமல் சிறுவயதிலேயே பட்டறைக்கு அனுப்பப்பட்டவர்கள். மிக்கெலோட்டி காகிதத்தில் போட்ட வளைவை அறுபது ஆண்டு கழித்தும் உயிரோடு வைத்திருப்பது அந்தக் கை.

கண்காட்சியில் அந்த வண்டிக்குப் பரிசு கிடைக்கும்போது மேடையில் ஏறுகிறவர் சொந்தக்காரர். டிங்கர் அங்கே இருக்கமாட்டார். கூலியில் பாதி பாக்கி நிற்கும். "ரெண்டு தட்டுக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசியிருப்பார்கள். ராஜாவின் பெயருக்கு லட்சக்கணக்கில் கூடக் கொடுக்கத் தயாராக இருக்கும் நாம், வண்டியைப் பிழைக்க வைத்தவரிடம் நூறு ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறோம். குலத்துக்கு விலை, உழைப்புக்குப் பேரம் என்ற நம் பழைய வியாதிதான் இங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பழைய கார் வாங்கப்போகும் தம்பிகளே, தங்கைகளே: வண்டி விலையைப் பேசும்போதே டிங்கர் கூலிக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். கேட்ட கூலியைக் கேட்ட அன்றே கொடுங்கள். அவர் சம்மதித்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். அவர் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை என்றால் அந்த அறிவு உங்களிடமாவது தங்கட்டும். கண்காட்சி நடத்தும் கிளப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். காருக்கு முன்னால் வைக்கும் அட்டையில் மாடல், ஆண்டு, சொந்தக்காரர் என்று எழுதுகிறீர்கள். அதற்குக் கீழே டிங்கர், பெயிண்டர், லேத் வேலை செய்தவர், சீட் தைத்தவர் பெயர்களையும் எழுதுங்கள். பரிசளிக்கும்போது அவர்களையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. அடுத்த கண்காட்சியிலேயே தொடங்கலாம்.